பழைய லேப்டாப்புக்கு ஒரு பென்டிரைவ் லினக்ஸ்: லைவ் இமேஜை நமக்கேற்ப மாற்றும் முறை

மன்னார்குடியில் தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். டைப்ரைட்டர் மெஷின் வகுப்போடு கம்ப்யூட்டரில் தமிழ் அடிக்கும் வகுப்பும் உண்டு. வடுவூர், கோட்டூர், நீடாமங்கலம் பக்கமிருந்து வரும் பிள்ளைகளில் பலரிடம், அண்ணனோ அக்காவோ பள்ளியில் வாங்கிய விலையில்லா மடிக்கணினிதான் இருக்கும். 2011இல் தொடங்கிய திட்டத்தின் ஆரம்ப கால மெஷின்கள் இன்னும் சில வீடுகளில் ஓடுகின்றன: ரேம் 2 ஜிபி, ஹார்டு டிஸ்க் திணறும், உள்ளே 2020இல் ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் 7. வகுப்பில் கற்றதை வீட்டில் அடித்துப் பார்க்கலாம் என்றால் அதில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் தமிழ் கீபோர்டு லேஅவுட் இருக்காது, வேண்டிய ஃபான்ட் இருக்காது, நெட்டும் இருக்காது.

இவர்களுக்காக நான் தயாரித்துக் கொடுப்பது ஒரு ஐஎஸ்ஓ ஃபைல். முழு இயங்குதளத்தையும் ஒரே ஃபைலாக அடக்கிய பிரதி இது, இமேஜ் என்றும் சொல்வார்கள். பென்டிரைவில் போட்டு, செருகி, கிளப்பினால் தமிழ்99, டைப்ரைட்டர் லேஅவுட், ஃபான்ட், லிப்ரெஆபீஸ், பிரிண்டர் ட்ரைவர் எல்லாம் தயாராக நிற்கும். லேப்டாப்பில் எதையும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம், இப்படி நேரடியாக ஓடுவதைத்தான் லைவ் என்கிறார்கள். இதே இமேஜை தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதிக்கொடுக்கும் ஒரு பெரியவரும் பயன்படுத்துகிறார். அதை எப்படிச் செய்வது என்று கேட்டவர்களுக்காகத்தான் இது.

ஒரு முன்குறிப்பு. கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் உச்சரிப்பாகத் தமிழிலேயே எழுதியிருக்கிறேன். நான் வாய்விட்டுச் சொல்ல, நீங்கள் ஆங்கில எழுத்தில் அடிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் மாதிரி ஒரு லைவ் ஐஎஸ்ஓவைத் திறந்து பார்த்தால் காஸ்பர் என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதற்குள் பெரிதாக ஒரே ஒரு ஃபைல்: ஃபைல்சிஸ்டம் டாட் ஸ்குவாஷ்எஃப்எஸ். முழு இயங்குதளமும் சுருக்கப்பட்டு அதில்தான் இருக்கிறது. படிக்க மட்டும்தான் முடியும், எழுத முடியாது. கம்ப்யூட்டர் கிளம்பும்போது அதன்மேல் ரேமில் ஒரு எழுதும் அடுக்கு விரிக்கப்படுகிறது. இதற்குப் பெயர் ஓவர்லே. எங்கள் வகுப்பில் லேமினேட் பண்ணின கீபோர்டு சார்ட்டின் மேல் ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டுக் காட்டிவிட்டுத் துடைப்போமே, அதேதான். ஆஃப் பண்ணினால் வட்டங்கள் போய்விடும், சார்ட் அப்படியே இருக்கும்.

இதைக் குறையாக நினைப்பவர்கள் நிறைய. பெர்சிஸ்டன்ஸ் போட்டுக்கொடுங்கள், செய்த மாற்றமெல்லாம் நிற்க வேண்டும் என்பார்கள். நான் போடுவதில்லை. கோடையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாத ஊர் இது. பேட்டரி செத்துப்போன லேப்டாப்பில் கரண்ட் போனால், எழுதிக்கொண்டிருந்த பெர்சிஸ்டன்ஸ் ஃபைல் பாதியில் அறுந்து நிற்கும். அது கெட்டால் பென்டிரைவே சரியாகக் கிளம்பாது. எழுத முடியாத இமேஜுக்கு அந்தப் பயம் இல்லை. அதனால் என் கணக்கு இதுதான்: மாறாத எதையும் இமேஜுக்குள் வை, மாறும் எதையும் வெளியே வை. பிள்ளைகள் அடிக்கும் கடிதம், பெரியவரின் மனு எல்லாம் பென்டிரைவிலேயே தனியாகப் பிரித்த இன்னொரு பகுதிக்கு, அதாவது பார்ட்டிஷனுக்குப் போகும். இனி வரும் ஒவ்வொரு முடிவையும் இந்தக் கணக்கில்தான் எடுத்திருக்கிறேன்.

எதை அடிப்படையாக எடுப்பது

நான் எடுப்பது லினக்ஸ் மின்ட் 22 வரிசை, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான டெஸ்க்டாப் கொண்ட பதிப்பு. உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடிப்படையாகக் கொண்டது, 2029 வரை ஆதரவு உண்டு. மின்ட் கேட்கும் குறைந்தபட்ச ரேம் 2 ஜிபி. டிஸ்க்கில் ஏற்றாமல் லைவாக ஓட்டும்போது அந்த 2 ஜிபியிலும் கொஞ்சம் ஓவர்லேவுக்குப் போகும், ஆகவே ஃபயர்பாக்ஸில் இரண்டு மூன்று டேபுக்கு மேல் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். இன்னொரு காரணம், மின்ட்டில் எல்லாம் ஒரே ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸில் இருக்கிறது. அண்மைக்கால உபுண்டு டெஸ்க்டாப்பில் அது பல அடுக்குகளாகப் பிரிந்திருக்கும், புதிதாகக் கற்பவருக்குக் குழப்பம். 32 பிட் மெஷின் உங்களிடம் இருந்தால் இது உதவாது. டெபியன் என்ற லினக்ஸின் 12ஆம் பதிப்பு அதற்கு ஒரு வழி, 13இல் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது.

ஐஎஸ்ஓவை இறக்கியதும், ஃபைல் பழுதில்லாமல் வந்ததா என்று காட்டும் ஷா256சம் எண்ணைச் சரிபார்த்துவிடுங்கள். மூன்று ஜிபியை ஒட்டிய ஃபைல் இது. மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினால் நடுவில் அறுந்து, முழுசாக வந்ததுபோலக் காட்டும்.

வேலை செய்யும் கம்ப்யூட்டரில் மின்ட்டோ உபுண்டுவோ இன்ஸ்டால் ஆகியிருக்க வேண்டும். காலி இடம் 25 ஜிபியாவது வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடம் லினக்ஸின் வழக்கமான ஈஎக்ஸ்டி4 வகைப் பார்ட்டிஷனில் இருக்கட்டும். விண்டோஸ் டிரைவிலோ எக்ஸ்ஃபேட் ஹார்டு டிஸ்க்கிலோ பிரித்துப் போட்டால் ஃபைல்களின் உரிமையாளர், அனுமதி விவரங்கள் குலைந்து, கடைசியில் வரும் இமேஜ் கிளம்பாது.

கருவி கியூபிக். கட்டளைகளால் ஒவ்வொரு படியாகச் செய்பவர்களும் இருக்கிறார்கள்: ஐஎஸ்ஓவைப் பிரித்து, ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸை விரித்து, சிஹெச்ரூட் கட்டளையால் அதற்குள் நுழைந்து மாற்றங்கள் செய்து, மறுபடி சுருக்கி, புதிய ஐஎஸ்ஓ கட்டுவார்கள். கியூபிக் அதையே ஜன்னல் ஜன்னலாக நடத்திக் காட்டுகிறது. லாஞ்ச்பேடில் கியூபிக்-விசார்ட், சாய்கோடு, ரிலீஸ் என்ற பிபிஏவை, அதாவது மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்து, மென்பொருளை ஏற்றவும் நீக்கவும் உதவும் ஏபிடி கட்டளையை ஓட்டுங்கள்: ஏபிடி அப்டேட், ஏபிடி இன்ஸ்டால் கியூபிக்.

முதலில் ஒரு வெறும் லைவ் செஷன்

கியூபிக்கைத் திறக்கும் முன் ஒரு வேலை. மாற்றம் செய்யாத மின்ட் ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் போட்டு, நெட் உள்ள ஏதாவது ஒரு லேப்டாப்பில் கிளப்புங்கள். அதில் உட்கார்ந்து டெஸ்க்டாப்பை எப்படி வேண்டுமோ அப்படி அமையுங்கள். பேனலில் தேவையற்றதை எடுத்துவிட்டு லிப்ரெஆபீஸ் ரைட்டர், ஃபைல் மேனேஜர், கால்குலேட்டர் வையுங்கள். எழுத்தளவைக் கூட்டுங்கள். சின்னத் திரையில் பெரியவர்கள் கண்ணைச் சுருக்க வேண்டாம்.

தமிழ் உள்ளீட்டையும் இங்கேயே அமைக்கலாம். பிறமொழி அடிக்க உதவும் ஐபஸ், அதற்குத் தமிழ் லேஅவுட்டுகள் தரும் ஐபஸ்-எம்17என் இரண்டையும் இன்ஸ்டால் செய்து, இன்புட் மெதட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்து, லாக்அவுட் ஆகி மறுபடி வாருங்கள். பிறகு ஐபஸ் பட்டியலில் தமிழ்99, தமிழ் டைப்ரைட்டர், ஃபொனெடிக் மூன்றையும் சேருங்கள். தமிழ்99தான் 1999இல் தமிழக அரசு தரமாக அறிவித்த லேஅவுட், புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதும் அதைத்தான். ஆனால் டைப்ரைட்டர் மெஷினில் இளநிலை, முதுநிலைத் தேர்வு முடித்தவர்களின் விரல் டைப்ரைட்டர் லேஅவுட்டில் ஊறிப்போயிருக்கும். மனு எழுதும் பெரியவரிடம் தமிழ்99இன் அருமை பெருமைகளைச் சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் நல்லாத்தாம்மா இருக்கும், என் கை கேக்கணுமே" என்றார். இரண்டையும் வையுங்கள்.

அமைத்து முடித்ததும், ஆஃப் பண்ணும் முன் ஹோம் ஃபோல்டரிலிருந்து சிலவற்றை மட்டும் வேறொரு பென்டிரைவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். டாட் கான்ஃபிக் ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்எஃப்சிஇ4, டிகான்ஃப் என்ற இரண்டு ஃபோல்டர்கள், ஹோமில் நேரடியாக இருக்கும் டாட் எக்ஸ்இன்புட்ஆர்சி என்ற ஃபைல், அவ்வளவுதான். பேனலும் தோற்றமும் முதலாவதில், ஐபஸ் பட்டியல் இரண்டாவதில், ஐபஸைத் தேர்ந்த விவரம் மூன்றாவதில். உங்கள் சொந்தக் கம்ப்யூட்டரின் ஹோமிலிருந்து இவற்றை எடுக்கவே கூடாது. நீங்கள் திறந்த ஃபைல்களின் சுவடு, சேமித்த விஷயங்கள் எல்லாம் சேர்ந்து ஊர் முழுக்கப் போய்விடும். அதற்காகத்தான் வெறும் லைவ் செஷனில் செய்யச் சொல்கிறேன்.

கியூபிக் டெர்மினலுக்குள்

கியூபிக்கைத் திறந்தால் முதலில் ப்ராஜெக்ட் ஃபோல்டர் கேட்கும். புதிதாக ஒன்று உருவாக்கிக் கொடுங்கள். அடுத்து மூல ஐஎஸ்ஓ. வலப்பக்கம் புதிய ஐஎஸ்ஓவின் பெயர், வால்யூம் ஐடி வரும். ஐஎஸ்ஓ 9660 விதிப்படி வால்யூம் ஐடி 32 எழுத்தைத் தாண்டக் கூடாது. ஃபைல் பெயரில் தேதி போடுங்கள். எந்தப் பிள்ளையிடம் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று போனில் கேட்டால் சொல்லத் தெரிய வேண்டும்.

பிரித்து முடிந்ததும் ஒரு டெர்மினல் திறக்கும். இதுதான் இமேஜின் உள்பக்கம். நீங்கள் ரூட் ஆக, அதாவது முழு அதிகாரம் உள்ள நிர்வாகியாக இருக்கிறீர்கள். இங்கே இன்ஸ்டால் செய்வதெல்லாம் இமேஜுக்குள் போகும், உங்கள் கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகாது.

முதல் வேலை ஆபத்தை அகற்றுவது. மின்ட் லைவில் டெஸ்க்டாப்பிலேயே இன்ஸ்டால் ஐகான் இருக்கும். ஆர்வத்தில் யாராவது அதை அழுத்தி நெக்ஸ்ட் நெக்ஸ்ட் என்று போனால் லேப்டாப்பில் இருக்கும் எல்லாம் அழியும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வியே "டீச்சர், இது அண்ணன் போட்டோவையெல்லாம் அழிச்சிடாதே?" என்பதுதான். யூஎஸ்ஆர், ஷேர், அப்ளிகேஷன்ஸ் ஃபோல்டரில் யுபிக்விட்டி டாட் டெஸ்க்டாப் என்ற ஃபைலை நீக்கிவிட்டால் ஐகான் வராது. இன்ஸ்டாலரான யுபிக்விட்டி தொகுப்பையே நீக்குவதானால், ஏபிடி காட்டும் நீக்கப் பட்டியலை முழுசாகப் படியுங்கள். அதில் காஸ்பர் என்ற பெயர் தெரிந்தால் என் என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி வெளியே வந்துவிடுங்கள். காஸ்பர் இல்லாமல் லைவ் இமேஜ் கிளம்பாது.

அப்புறம் இடத்தை அடைப்பதை எடுங்கள். தண்டர்பேர்டு, டிரான்ஸ்மிஷன், ஹெக்ஸ்சாட் மூன்றும் எங்களுக்குத் தேவையில்லை, இருப்பதைப் பார்த்து நீக்குங்கள். லிப்ரெஆபீஸில் ரைட்டர், கால்க், இம்ப்ரெஸ் போதும், பேஸ் வேண்டாம். ஏபிடி ஆட்டோரிமூவ் ஒருமுறை.

இனி சேர்ப்பவை. ஐபஸ், ஐபஸ்-எம்17என், அதோடு எம்17என்-டிபி. வெறும் லைவ் செஷனில் இன்ஸ்டால் செய்தது அங்கேயே போய்விட்டது, இங்கே செய்தால்தான் நிற்கும். ஃபான்ட்டில் லோஹித் தமிழ், நோட்டோ தமிழ் இரண்டும். பெயர் ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல், ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர். அச்சடித்த தாளை ஸ்கேன் செய்து எழுத்தாக மாற்ற டெஸ்ஸராக்ட்-ஓசிஆர், அதன் தமிழ்த் தரவு டெஸ்ஸராக்ட்-ஓசிஆர்-டிஏஎம். குறைந்த ரேம் மெஷின்களுக்காக ஜீரேம்-கான்ஃபிக். லைவில் ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது டிஸ்க்கில் எடுக்கும் இடம், இல்லாததால், ரேமின் ஒரு பகுதியையே சுருக்கிப் பயன்படுத்தும் இது 2 ஜிபி மெஷினில் நன்றாகவே கைகொடுக்கிறது.

யூனிகோடு ஃபான்ட் மட்டும் வைத்தால் இந்தப் பக்கத்தில் பிழைக்க முடியாது. பழைய ஆபீஸ் கடிதங்கள் வானவில் அவ்வையாரில் இருக்கும், டிடிபி கடைகளில் அடித்த நோட்டீஸ், அழைப்பிதழ்கள் பாமினியில் இருக்கும். ஃபான்ட் இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடும் கலந்த குப்பையாகத் தெரியும். உரிமை உள்ள ஃபான்ட் ஃபைல்களை யூஎஸ்ஆர், ஷேர், ஃபான்ட்ஸ், ட்ரூடைப் ஃபோல்டருக்குள் ஒரு துணை ஃபோல்டரில் போட்டு எஃப்சி-கேஷ் கட்டளையை ஓட்டுங்கள். கியூபிக் டெர்மினல் ஜன்னலில் ஃபைலை இழுத்துவிட்டாலே உள்ளே காப்பி ஆகும். விலைக்கு வாங்கிய ஃபான்ட்டை இமேஜில் போட்டு எல்லோருக்கும் கொடுப்பது சரியில்லை. அதை அவரவர் டேட்டா பார்ட்டிஷனில் வைத்துக்கொள்ளட்டும்.

பிரிண்டர். ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் பார்ப்பது எச்பி லேசர்ஜெட் 1020. இது ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தன் ஃபர்ம்வேரைக் கம்ப்யூட்டரிடமிருந்து வாங்கிக்கொள்ளும் ரகம். எச்பியின் லினக்ஸ் ட்ரைவர் தொகுப்பான எச்பிலிப் மட்டும் இருந்தால் போதாது, அதன் தனி ப்ளகினும் வேண்டும். ப்ளகின் நெட்டிலிருந்துதான் வரும். லைவ் இமேஜில் அதை முன்பே சேர்க்காவிட்டால் ஒவ்வொரு பூட்டுக்கும் இறக்க வேண்டியிருக்கும். ஆகவே டெர்மினலிலேயே எச்பி-ப்ளகினை எழுத்து முறையில், அதாவது ஹைஃபன் ஐ சேர்த்து ஓட்டுங்கள். ரூட் ஆக ஓட்டுவதற்கு எச்சரிக்கை காட்டலாம், பரவாயில்லை. எச்பிலிப்பின் பதிப்பும் ப்ளகினின் பதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். அதனால் எல்லா அப்டேட்டும் முடிந்தபிறகு கடைசியில் இதைச் செய்யுங்கள். இன்னொன்று, உங்கள் பிரிண்டரைச் சேர்த்த கப்ஸ் (லினக்ஸின் அச்சு ஏற்பாடு) அமைப்பு ஃபைலை இமேஜுக்குள் காப்பி செய்ய வேண்டாம். யூஎஸ்பி பிரிண்டரின் முகவரியில் அதன் சீரியல் எண்ணும் இருக்கும். அதே மாடல் வேறு கடையில் இருந்தாலும் பொருந்தாது. ட்ரைவர் உள்ளே இருந்தால் போதும், செருகியதும் பிரிண்டர் தானாக வரும்.

வைஃபைக்கு நான் பொதுவாக எதுவும் சேர்ப்பதில்லை. பிராட்காம் சிப் உள்ள சில பழைய லேப்டாப்புகளுக்கு மட்டும் தனி ட்ரைவர் தேவைப்படும். ஆனால் அதன் ஒரு ட்ரைவரை இன்ஸ்டால் செய்தால் வேறு பிராட்காம் சிப்புகளுக்கான திறந்த ட்ரைவர்களை அது தடைசெய்துவிடும். ஒன்றுக்குச் சரி செய்யப்போய் மற்றதுக்குக் கெடும். அந்த லேப்டாப் வைத்திருப்பவருக்கு யூஎஸ்பி வழியாக மொபைல் டெதரிங் சொல்லிக்கொடுத்துவிடுகிறேன்.

கெர்னலுக்கு, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு, ஏற்ப டிகேஎம்எஸ் வழியாகக் கட்டப்படும் ட்ரைவர் எதையாவது சேர்த்தே ஆக வேண்டுமென்றால் ஒன்றைக் கவனியுங்கள். டெர்மினலில் யூநேம் ஹைஃபன் ஆர் அடித்தால் வருவது இமேஜின் கெர்னல் அல்ல, உங்கள் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல். சில இன்ஸ்டாலர்கள் இதை நம்பித் தவறான கெர்னலுக்குக் கட்டிவிடும். இமேஜின் பூட் ஃபோல்டரில் இருக்கும் விஎம்லினக்ஸ் ஃபைலின் எண்ணைப் பார்த்து அதற்கான ஹெட்டர்ஸ் தொகுப்பைப் போடுங்கள். கெர்னலை மட்டும் தேவையில்லாமல் அப்கிரேடு செய்யாதீர்கள். இரண்டு கெர்னல் இருந்தால் இமேஜ் பருத்துவிடும்.

ஸ்கெல் என்ற ஃபோல்டர்

ஈடிசி ஃபோல்டருக்குள் ஸ்கெல் என்று ஒன்று இருக்கிறது. லைவ் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் மின்ட் என்ற பயனரைப் புதிதாக உருவாக்குகிறது. அந்தப் பயனரின் ஹோமில் ஸ்கெல்லில் உள்ளதெல்லாம் அப்படியே காப்பி ஆகும். முன்பு எடுத்துவைத்த எக்ஸ்எஃப்சிஇ4, டிகான்ஃப் ஃபோல்டர்களை ஸ்கெல்லில் டாட் கான்ஃபிக் உருவாக்கி அதற்குள் போடுங்கள். டாட் எக்ஸ்இன்புட்ஆர்சி நேரடியாக ஸ்கெல்லில். உரிமையாளர் ரூட் ஆக இருக்கட்டும், எல்லோரும் படிக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள்.

வால்பேப்பர் மட்டும் இந்த வழியில் நிற்காது. எக்ஸ்எஃப்சிஇ அதை மானிட்டரின் பெயரோடு சேர்த்து நினைவில் வைக்கிறது. ஒரு லேப்டாப்பின் திரை எல்விடிஎஸ்-1 என்றும் இன்னொன்று ஈடிபி-1 என்றும் பெயர் கொண்டிருக்கும். உங்கள் மெஷினில் வைத்த படம் அடுத்த மெஷினில் காணாமல் போவது இதனால்தான். இயல்பாக வரும் படம் எந்த ஃபைலோ, அதே பெயரில் உங்கள் படத்தை வைத்து மாற்றுவதுதான் எளிது. நான் தமிழ்99 கீபோர்டு படத்தையே வைத்திருக்கிறேன்.

ஸ்கெல்லில் டெம்ப்ளேட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதில் ரைட்டர் ஃபைல்கள் வைத்தால், ஃபைல் மேனேஜரில் வலது கிளிக் செய்து புதிய டாக்குமென்ட் என்று போகும்போது அவை பட்டியலாக வரும். பட்டா பெயர் மாற்றம், வாரிசுச் சான்று, பயிர்ச் சேத நிவாரணம் என்று பெரியவர் அடிக்கடி எழுதும் மனுக்களின் மாதிரிகள் அதில் இருக்கின்றன. கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணம் வரவில்லை என்ற மனுவும் ஒன்று. அறுவடைக் காலத்தில் அதற்குத்தான் கிராக்கி.

டேட்டா பார்ட்டிஷன் தானாகத் திறக்க ஒரு சின்ன ஏற்பாடு. ஸ்கெல்லில் டாட் கான்ஃபிக்குக்குள் ஆட்டோஸ்டார்ட் ஃபோல்டர் உருவாக்கி, அதில் ஒரு டாட் டெஸ்க்டாப் ஃபைல் வையுங்கள். அது ஓட்ட வேண்டிய கட்டளை யுடிஸ்க்ஸ்சிடிஎல் மவுன்ட் ஹைஃபன் பி, அதன்பின் டெவ், டிஸ்க், பை-லேபிள் என்ற பாதை, கடைசியில் பார்ட்டிஷனின் லேபிள். எல்லாப் பென்டிரைவிலும் நான் ஒரே லேபிள் கொடுப்பதால் எல்லாவற்றுக்கும் இது வேலை செய்கிறது.

ஃபயர்பாக்ஸுக்கு ஸ்கெல் வழி வேண்டாம். ஈடிசி, ஃபயர்பாக்ஸ், பாலிசீஸ் ஃபோல்டரில் பாலிசீஸ் டாட் ஜேசன் என்ற ஒரே ஃபைலில் முகப்புப் பக்கம், புக்மார்க்குகள், பாஸ்வேர்டு சேமிக்கக் கேட்காதே என்ற கட்டளை எல்லாவற்றையும் எழுதலாம். பட்டா சிட்டா பார்க்கும் தளம், டிஎன்பிஎஸ்சி, தமிழ் விக்கிப்பீடியா மூன்றும் என் புக்மார்க்கில்.

மெனுக்களையும் தமிழாக்க வேண்டுமா? ஆசைதான். லாங்குவேஜ்-பேக்-டிஏ சேர்த்து, பூட் வரியில் லொகேல் ஈக்வல்ஸ் டிஏ அடிக்கோடு ஐஎன் டாட் யுடிஎஃப்-8 என்று போட்டால் வரும். ஆனால் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று தெரியும். டெம்ப்ளேட்ஸ் மாதிரி ஃபோல்டர்களின் பெயரும் மொழியோடு மாறக்கூடும். கடையிலோ ஆபீஸிலோ வேலைக்குப் போனால் பிள்ளைகள் பார்க்கப்போவது ஆங்கில மெனுதான். அதனால் மெனு ஆங்கிலம், அடிப்பது தமிழ் என்று விட்டுவிட்டேன்.

வெளியே வரும் முன் ஏபிடி கிளீன், டிஎம்பி ஃபோல்டரைக் காலி செய்தல், பேஷ் ஹிஸ்டரியை நீக்குதல். ஈடிசிக்குள் நெட்வொர்க்மேனேஜர், சிஸ்டம்-கனெக்ஷன்ஸ் ஃபோல்டர் காலியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உங்கள் வீட்டு வைஃபை பாஸ்வேர்டு இமேஜோடு போகும்.

பூட் வரி, சுருக்கம், சோதனை

நெக்ஸ்ட் கொடுத்தால் நீக்க வேண்டிய தொகுப்புகள் பற்றிய பக்கம் வரும். இன்ஸ்டாலர் பயன்படுத்தாததால் அதைத் தாண்டிவிடலாம். அடுத்து ஆப்ஷன்ஸில் பூட் டேப். பழைய மெஷின்கள் பயாஸ் வழியாகவும் புதியவை யூஈஎஃப்ஐ வழியாகவும் கிளம்பும். பூட் மெனுவுக்கான ஐசோலினக்ஸ் ஃபைல், க்ரப் ஃபைல் என்று இரண்டும் அங்கே இருந்தால், செய்யும் மாற்றத்தை இரண்டிலும் செய்யுங்கள். நான் சேர்ப்பது ஒரே ஒரு கூடுதல் மெனு: முதல் வரியின் காப்பி, கடைசியில் டோராம் என்ற சொல். இதைத் தேர்ந்தால் முழு இமேஜும் ரேமில் ஏறிவிடும், பென்டிரைவைப் பிடுங்கி அடுத்த மெஷினில் செருகலாம். எங்கள் நிலையத்தில் இருக்கும் 8 ஜிபி மெஷின்களை ஒரே பென்டிரைவால் வரிசையாகக் கிளப்புவது இப்படித்தான். மெனுப் பெயரைத் தமிழில் எழுதிவிடாதீர்கள், க்ரப்பில் கொம்பும் காலும் உடைந்து வரும்.

சுருக்க முறையைக் கேட்கும் பக்கத்தில் எக்ஸ்இசட் மிகச் சின்ன ஃபைல் தரும், ஆனால் பழைய ப்ராசசரில் ஒவ்வொரு புரோகிராமும் திறக்க நேரமெடுக்கும். எல்இசட்4 வேகம், அளவு பெரிது. இசட்எஸ்டிடி நடுவாந்தரம், நான் எடுப்பது அதுதான். ஸ்குவாஷ்எஃப்எஸ் ஃபைல் 4 ஜிபிக்குள் இருக்கட்டும். ஐஎஸ்ஓவைப் பிரித்து ஃபேட்32 பென்டிரைவில் போடும் கருவிகளுக்கு அதற்கு மேல் ஒரே ஃபைலாக எழுத முடியாது.

கட்டி முடிந்ததும் டெஸ்ட் பட்டன் இருக்கும். மெய்நிகர் மெஷினில் கிளப்பிப் பார்க்கலாம். டெஸ்க்டாப் வருகிறதா, தமிழ் அடிக்கிறதா என்பதற்கு அது போதும். உண்மையான சோதனை வேறு. கைக்குக் கிடைத்ததிலேயே மோசமான லேப்டாப்பை எடுத்து, நெட்டைத் துண்டித்து, பயாஸ் மெஷின் ஒன்றிலும் யூஈஎஃப்ஐ மெஷின் ஒன்றிலும் கிளப்பி, ஒரு மனுவை டைப் செய்து, சேமித்து, பிரிண்ட் எடுங்கள். நெட் இருக்கும்போது மட்டும் வேலை செய்யும் விஷயங்கள் இங்கேதான் பிடிபடும்.

பென்டிரைவில் போடுவது

ஐஎஸ்ஓவைப் பிரிக்காமலே கிளப்பும் வென்டாய் என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். ஒருமுறை பென்டிரைவில் வென்டாய் போட்டுவிட்டால், அதன்பின் ஐஎஸ்ஓ ஃபைலை அதில் காப்பி செய்தால் போதும். புதிய பதிப்பு வந்தால் பழையதை அழித்துவிட்டுப் புதியதைக் காப்பி பண்ணலாம், பிள்ளைகளே செய்துகொள்கிறார்கள். ஆனால் வென்டாயின் முதல் பார்ட்டிஷனையே டேட்டாவுக்கும் பயன்படுத்தலாம் என்று நினைக்க வேண்டாம். அதிலிருந்து கிளம்பிய லைவ் செஷனில் அந்தப் பார்ட்டிஷன் பூட்டப்பட்டிருக்கும், சாதாரணமாகத் திறக்காது. வென்டாய் போடும்போதே பார்ட்டிஷன் அமைப்பில் கடைசியில் இடம் ஒதுக்கச் சொல்லி, அந்த இடத்தில் பார்ட்டிஷன் பிரிக்கும் ஜிபார்ட்டட் மூலம் ஒரு எக்ஸ்ஃபேட் பார்ட்டிஷன் உருவாக்கி லேபிள் கொடுங்கள். 32 ஜிபி பென்டிரைவில் பாதிக்குப் பாதி பிரிக்கலாம். விண்டோஸ் 10, 11இலும் அந்தப் பார்ட்டிஷன் தெரியும் என்பதால் ஜெராக்ஸ் கடையில் கொடுத்தும் பிரிண்ட் எடுக்கலாம்.

நம்பகமான கையொப்பம் இல்லாததைக் கிளப்ப விடாத செக்யூர் பூட் ஆன் ஆகியிருக்கும் மெஷினில் முதல் தடவை நீல நிறத்தில் ஒரு திரை வந்து சாவியைப் பதிவு செய்யச் சொல்லும். என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க் என்று போய் வென்டாய் பார்ட்டிஷனில் உள்ள சாவியைத் தேர்ந்தால் அப்புறம் அந்த மெஷினில் கேட்காது. பூட் மெனுவுக்கான பட்டன் லெனோவா, டெல்லில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. ஏசரில் எஃப்12 மெனுவை முதலில் பயாஸில் ஆன் செய்ய வேண்டியிருக்கலாம். ஒரு துண்டுச் சீட்டில் இதை எழுதிப் பென்டிரைவோடு சேர்த்துக் கொடுங்கள், பாதி போன்கால் குறையும்.

லைவ் செஷனில் லேப்டாப்பின் உள் டிஸ்க்கை நாமாகக் கிளிக் செய்து திறந்தால் தவிர எதுவும் தொடாது. விண்டோஸ் முழுதாக ஆஃப் ஆகாமல் ஹைபர்னேட் நிலையில் இருந்தால் திறந்தாலும் படிக்க மட்டும்தான் விடும்.

கியூபிக் ப்ராஜெக்ட் ஃபோல்டரை அழிக்காதீர்கள். அடுத்த முறை அதையே திறந்தால் விரித்துவைத்த இமேஜ் அப்படியே இருக்கும், டெர்மினலுக்கு நேராகப் போகலாம். ப்ரௌசர் பழசாகிவிடும் என்பதால் சில மாதத்துக்கு ஒருமுறை ஏபிடி அப்டேட், அப்கிரேடு செய்து, எச்பி ப்ளகினை மறுபடி ஓட்டி, புதிய தேதியோடு ஐஎஸ்ஓ கட்டுகிறேன். பொதுவாகக் கோடை விடுமுறையில் ஒன்று, பொங்கலுக்குப் பிறகு ஒன்று. மின்ட் புதிய பதிப்பு வெளியிட்டால் மட்டும் பழைய ப்ராஜெக்ட்டை மேம்படுத்த முயல்வதில்லை. ஸ்கெல், ஃபான்ட், பாலிசி ஃபைல்களைத் தனி ஃபோல்டரில் வைத்திருப்பதால் புதிய ஐஎஸ்ஓவில் புதிய ப்ராஜெக்ட் தொடங்கி, அவற்றை இழுத்துவிட்டு, தொகுப்புப் பட்டியலை ஒரு டெக்ஸ்ட் ஃபைலிலிருந்து பேஸ்ட் செய்தால் ஒரு மதியத்தில் முடிந்துவிடும், நடுவில் கரண்ட் போகாமல் இருந்தால்.